வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின்: மலையகத்துக் குளிரில் எதை வாங்கலாம், எதற்கு அதை நம்பக் கூடாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மேற்கையில் பட்டி கட்டி, பட்டனை அழுத்தினால் தானாகக் காற்றேற்றி அளக்கும் சாதாரண மெஷின், பிரஷருக்குக் குளிசை போடுகிறவர் இருக்கும் வீட்டுக்கு வாங்கத் தகுந்தது. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கைக்கடிகாரத்தில் பிரஷர் காட்டும் என்று விற்பதும், போன் கெமராவில் விரலை வைத்தால் சொல்லும் என்கிற செயலியும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் இப்போதே சொல்ல வேண்டும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் பாமசியில் இதைக் கேட்டு வருகிறவர்கள், "திடீர்னு ஏதாச்சும் ஆச்சுன்னா பாத்துக்கலாம்" என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். அவர்கள் பயப்படுவது மூளையைத் தாக்கும் பாரிசவாதத்துக்கு (ஸ்ட்ரோக்). அது வராமல் காக்க இந்த மெஷின் நன்றாக உதவும். வந்துவிட்டதா என்று பார்க்க உதவவே உதவாது. அந்த நேரத்தில் இதைத் தேடி எடுத்துக் கட்டுவது நேரத்தைத்தான் தின்னும்.

பாரிசவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவது ஒன்று, வெடித்துக் கசிவது மற்றது. இரண்டுக்கும் பின்னால் அதிகமாக நிற்பது வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட பிரஷர். அது வலிக்காது, பெரும்பாலானவர்களுக்குத் தலையும் சுற்றாது. அளந்தால்தான் தெரியும். மெஷினுக்குக் கொடுக்கும் காசுக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது.

எந்த வகை

மணிக்கட்டு மெஷின் சின்னது, பைக்குள் போகும், சட்டைக் கையை மடக்கவும் தேவையில்லை. குளிரூரில் அது நன்றாக விற்பதற்கு இதுதான் காரணம். ஆனால் மணிக்கட்டு இதய மட்டத்துக்குக் கீழே 10 சென்ரிமீற்றர் இறங்கினாலே எண் 7, 8 கூடிவிடும். மடியில் கை வைத்து அளப்பவருக்கு இல்லாத பிரஷர் வரும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிப்பவருக்கு இருக்கிற பிரஷர் மறைந்துபோகும். கை மிகவும் தடித்து எந்தப் பட்டியும் பொருந்தாதவருக்கு மட்டும், டொக்டர் சொன்னால் வாங்கலாம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கும் முள் வட்டமும் ரப்பர் பந்தும் கொண்ட மெஷினை வீட்டுக்கு வாங்காதீர்கள். அதற்கு ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கப் பழகிய காது வேண்டும், அதோடு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை சரிபார்த்துத் திருத்த வேண்டும். பாதரசம் உள்ள பழைய மெஷின்களின் உற்பத்தியையும் இறக்குமதி, ஏற்றுமதியையும் 2020ஆம் ஆண்டோடு நிறுத்துவதென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை சொல்கிறது. எங்காவது மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். உடைந்தால் லயத்துக் காம்பராவுக்குள் (தோட்டத்து வரிசை வீட்டின் அறைக்குள்) அதைத் துப்புரவாக்கவே முடியாது.

தானியங்கி மெஷின் வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் அது எங்கே பிழைவிடும் என்பதும் புரியும். பட்டி இறுகிக் கையிலுள்ள இரத்தக்குழாயை அடைக்கிறது. காற்று மெல்ல இறங்கும்போது குழாய் துடிக்கும் அதிர்வை மெஷின் பிடிக்கிறது. (சில மொடல்கள் காற்று ஏறும்போதே அளந்துவிடும்.) அதிர்வு உச்சத்துக்குப் போகும் இடத்தை வைத்துக்கொண்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கு கம்பனிக்குக் கம்பனி வேறு, வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆகவே குறிப்பிட்ட அந்த மொடலை மனிதர்களிடம் ஒப்பிட்டுச் சோதித்தார்களா என்பதுதான் கேள்வி. ஐஎஸ்ஓ 81060-2 என்ற சர்வதேசத் தர முறைப்படி சோதிப்பதென்றால் குறைந்தது 85 பேரிடம் அளந்து ஒப்பிட வேண்டும். தேறிய மொடல்களின் பட்டியல் ஸ்ட்ரைட் பிபி (STRIDE BP) என்ற இணையத்தளத்தில் கிடைக்கும். மெஷினைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் மொடல் எண்ணை, கடையில் நின்றபடியே போனில் தேடிப் பாருங்கள். பெயர்போன கம்பனி என்பது மட்டும் போதாது, ஒரே கம்பனியில் தேறிய மொடலும் உண்டு, பட்டியலில் இல்லாததும் உண்டு. கர்ப்பிணிக்கு என்றால் கர்ப்பிணிகளிடம் தனியாகச் சோதித்த மொடலாகப் பார்க்க வேண்டும்.

புளூடூத், பேசும் குரல், கலர் திரை எல்லாம் விலையைக் கூட்டும், அளவைத் திருத்தாது. அந்தக் காசைச் சரியான பட்டிக்குக் கொடுங்கள்.

பட்டியின் அளவு

கடையில் கஃப் என்று சொல்லும் கைப்பட்டிதான் மெஷினின் பாதி. தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில், தையல் டேப்பால் கையின் சுற்றளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரையான கைக்கு. 22 முதல் 42 வரை பொருந்தும் அகலப் பட்டியோடும் சில மொடல்கள் வருகின்றன.

தடித்த கைக்குச் சின்னப் பட்டி போட்டால் எண் கூடிக் காட்டும் என்பதைக் கடைக்காரர்களே சொல்வார்கள். மலையகத்தில் அதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கம். காலமெல்லாம் கொழுந்து எடுத்து ஓய்ந்த அம்மாயிமாரின் கைகள் பல 22 சென்ரிமீற்றர்கூட இருக்காது. அந்த மெலிந்த கையில் சாதாரணப் பட்டி தொளதொளவென்று இருக்கும், எண்ணும் குறைத்துக் காட்டும். கூடக் காட்டினால் டொக்டரிடமாவது போவார்கள். குறைத்துக் காட்டினால் "பிரஷர் நோமலாத்தானே இருக்கு" என்று குளிசையை நிறுத்திவிடுவார்கள். 17 முதல் 22 வரையான சின்னப் பட்டி தனியாக விற்கிறது. நீங்கள் வாங்கும் மொடலுக்கு அது கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். வேறு கம்பனிப் பட்டியைச் செருகிப் பார்க்காதீர்கள், முனை பொருந்தினாலும் கணக்குப் பொருந்தாது.

குளிரும் உயரமும்

"நுவரெலியாவில் பார்த்தால் கூடத்தான் காட்டும், உயரம்" என்று ஒரு பேச்சு உண்டு. உயரத்தால் மெஷின் பிழையாகக் காட்டாது. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு கூட என்பதைத்தான் அது அளக்கிறது. ஆனாலும் கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பல மொடல்களுக்குப் போட்டிருக்கும் காற்றழுத்த எல்லை 800 முதல் 1060 ஹெக்டோபாஸ்கல் வரை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 810, எல்லைக்குள்தான், ஆனால் ஓரத்தில். ஹட்டனுக்கும் பதுளைக்கும் இந்தக் கவலையே இல்லை.

அதே பக்கத்தில் இன்னொரு எல்லையும் இருக்கும், 10 முதல் 40 பாகை செல்சியஸ். இங்கே இடிப்பது அதுதான். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியாப் பக்கம் 10 பாகைக்குக் கீழே போவது சாதாரணம். இஸ்தோப்பு அலுமாரியில் கிடந்த மெஷினை எடுத்தவுடனே கட்டினால் எரர் காட்டலாம். அடுப்படிக்குப் பக்கத்து அறையில் அரை மணித்தியாலமாவது வைத்துவிட்டு அளங்கள். ஈரம் படிந்து பட்டித் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், பட்டியைக் கழுவாதீர்கள், பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

குளிர் மெஷினைவிட மனிதரையே அதிகம் மாற்றும். குளிர்பட்டால் இரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். பீலியில் குளித்துவிட்டு வந்த கையோடு அளந்தால் அது அன்றாட பிரஷர் அல்ல. மலையிலிருந்து படியேறி வந்தவர், பிளேன்டீ குடித்தவர், சுருட்டோ சிகரெட்டோ பிடித்தவர் அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.

அளக்கும் விதம்

ஸ்வெட்டருக்கு மேலே கட்டுவதும், ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கட்டுவதும் இரண்டுமே பிழை. சுருட்டிய கம்பளி கையை நெரிக்கும். அந்தக் கையை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, சால்வையால் முதுகையும் மற்றக் கையையும் மூடிக்கொள்ளுங்கள். பட்டியின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 1 அல்லது 2 சென்ரிமீற்றர் மேலே, காற்றுக் குழாய் உட்கையில் நடுவிரலை நோக்கி. கட்டியபின் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அளப்பதும் சரிவராது. மேசை இல்லாத காம்பராவில் கதிரையில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலில் தலையணை இரண்டை அடுக்கி, பட்டி நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி கையை வையுங்கள். கை தொங்கினாலோ பேசிக்கொண்டிருந்தாலோ எண் 10 வரைக்கும் கூடும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் கூடும். ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகுதான் பட்டன்.

காலையில் வேலைக்குப் பெரட்டுக்குப் போகுமுன், குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் முன்னே இரண்டு தடவை, இடையில் ஒரு நிமிடம் விட்டு. இரவில் அதேபோல இரண்டு தடவை. இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியை எடுங்கள். கிளினிக்கில் 140க்கு 90 என்பது எல்லை, வீட்டு அளவுக்கு 135க்கு 85. சராசரி அதைத் தொட்டாலோ தாண்டினாலோ கொப்பியோடு டொக்டரிடம் போக வேண்டும். முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பார்த்து, கூடக் காட்டிய கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் 10, 15க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

சில மெஷின்களில் இரண்டு பேருக்கான நினைவகம் இருக்கும். ஒரு லயமே வந்து அளந்துவிட்டுப் போகும் வீட்டில் அதை நம்ப முடியாது. பெட்டரி மாற்றியதும் திகதி அழிந்து எண்கள் கலந்துபோவதும் நடக்கும். ஆளுக்கொரு கொப்பிதான் நல்லது. குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் கொப்பியைப் பார்க்கும் டொக்டரின் வேலை. குளிசை போடுவதால்தான் 125 காட்டுகிறது. அந்த எண்ணைப் பார்த்துக் குளிசையை நிறுத்துவதுதான் வீட்டு மெஷினால் வரும் பெரிய கேடு.

திரையில் ஒழுங்கற்ற துடிப்புக்கான இதயக் குறி அடிக்கடி வந்தால், எண் நன்றாக இருந்தாலும் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஒரு நோய் உண்டு. அதில் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகலாம். பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகும். மெஷின் இதை உறுதியாகச் சொல்லாது, கை அசைந்தாலும் அந்தக் குறி வரும். ஆனால் சந்தேகத்தைக் கிளப்புகிறதே, அதற்காகவே அந்தக் குறி உள்ள மொடலை வாங்கலாம்.

மெஷினைத் தொடக்கூடாத நேரம்

பாரிசவாதத்தை அடையாளம் காட்டுவது திடீரென்று வருவது. ஒரு நிமிடத்துக்கு முன் நன்றாக இருந்தவரின் வாய் ஒரு பக்கம் கோணும். ஒரு கையோ காலோ சொன்ன சொல் கேட்காது. கொழுந்து எடுப்பவர் என்றால் இரண்டு கையும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒரு கை மட்டும் பின்தங்கும், கிள்ளிய கொழுந்து கூடைக்கு வராமல் விரலிடையில் நழுவும். பேச்சு குழறும், அல்லது தெளிவாகவே சம்பந்தமில்லாததைப் பேசும், சொல்வது விளங்காமல் விழிக்கும். ஒரு கண்ணோ ஒரு பக்கத்துப் பார்வையோ மறையும். நேராக நடக்க முடியாமல் தள்ளாடும். வாழ்நாளில் வராத தலையிடி இடி விழுந்ததுபோல் வரும்.

பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். "அம்மாயி, பல்லைக் காட்டுங்க" என்று சொல்லி இரண்டு பக்கமும் ஒரேமாதிரி விரிகிறதா என்று பாருங்கள். கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டி 10 விநாடி வைக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாக இறங்குகிறதா? "இன்னைக்கு மலைக்குப் போகணும், மழை வரும்போல இருக்கு" என்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று பிழையானாலே போதும், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

இங்கேதான் மெஷின் கெடுக்கும். கட்டிப் பார்த்து 130 என்று வந்தால் "பிரஷர் இல்லை, குளிர்காற்று பட்டிருக்கு" என்று எண்ணெய் தேய்க்கத் தொடங்குவார்கள். அடைப்பால் வரும் பாரிசவாதம் சாதாரண பிரஷரிலும் வரும். 200 என்று வந்தால் இன்னும் மோசம், வீட்டிலிருக்கும் பிரஷர் குளிசையை இரண்டாகவோ நாக்குக்கு அடியிலோ கொடுப்பார்கள். அடைப்பு வந்த மூளைக்கு இரத்தம் அனுப்ப உடம்பே அழுத்தத்தை ஏற்றியிருக்கலாம். அதைச் சட்டென்று இறக்கினால், பிழைக்கக்கூடிய பகுதியும் சாகும். ஆஸ்பத்திரியில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்குமுன் 185க்கு 110இற்குக் கீழே கொண்டுவருவார்கள். அந்த ஊசி போடாதவருக்கு 220க்கு 120 வரைக்கும் பெரும்பாலும் உடனே இறக்காமல் விடுவார்கள். அது கண்காணிப்போடு நடக்கும் வேலை, காம்பராவில் நடப்பதல்ல.

அஸ்பிரினும் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்று சிடி ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவென்றால் அஸ்பிரின் அதைக் கூட்டும். தண்ணீர், தேத்தண்ணி, கசாயம் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம், விழுங்கும் தசை வேலை செய்யாவிட்டால் நெஞ்சுக்குள் போய்விடும். வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

கட்டி கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக உள்ள அவகாசம், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலம். விழுந்ததைக் கண்ட நேரத்தைக் கணக்கெடுக்கக் கூடாது. தூங்கி எழும்போதே கோணியிருந்தால் படுக்கப்போன நேரத்தைச் சொல்ல வேண்டும். நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே தீர்மானிக்கவும் வேண்டாம். ஸ்கேன் பார்த்துச் சிலருக்கு அதற்குப் பிறகும் சிகிச்சை கொடுக்க முடியும். ஹட்டனிலிருந்து கண்டிக்கு வளைவுப் பாதையில் இரண்டு மணித்தியாலம் போய்விடும். அதோடு ஸ்கேன் எடுக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், லயத்தில் வீணாக்க அரை மணித்தியாலம்கூட மிஞ்சாது. முதலில் டிஸ்பென்சரி, அங்கிருந்து சின்ன ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்று படிப்படியாக ஏறுவதில்தான் அவகாசம் கரைகிறது. உங்கள் பகுதிக்கு சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரி எது என்று அடுத்த கிளினிக் நாளிலேயே கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

1990 இலவச சேவை. தமிழிலும் பேசலாம். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், லயத்துக்குக் கிட்ட உள்ள கோயில் அல்லது ஸ்டோர், பிரதான ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். தோட்டத்து ரோட்டில் வண்டி ஏறாது என்று தெரிந்தால் அதையும் சொல்லி, டோர்ச்சோடு ஒருவரைச் சந்திக்கு அனுப்புங்கள். கிளினிக் கொப்பியும் போடுகிற குளிசைகளும் கூடவே போக வேண்டும், முக்கியமாக இரத்தத்தை நீர்க்கச் செய்யும் வார்பரின் போன்றவை.

கோணிய வாய் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். அது வரப்போகும் பெரியதற்கு முன்னால் வரும் சின்ன அடைப்பாக இருக்கலாம். ஆபத்து அதிகம் முதல் 48 மணித்தியாலத்தில்தான்.

எந்த அறிகுறியும் இல்லாமல் மெஷின் 180க்கு 120 காட்டினால் கதை வேறு. ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து திரும்ப அளங்கள். அப்படியே நின்றால் அன்றைக்கே டொக்டரைப் பாருங்கள்.

வாங்கும்போது

பெரும்பாலான மெஷின்களுக்கு 4 டபிள் ஏ பெட்டரி. அல்கலைன் போடுங்கள். மலிவுப் பெட்டரி சீக்கிரம் இறங்கும், கசிந்து உள்ளே அரிக்கும். காற்றேறும் சத்தம் இழுத்துக்கொண்டு போனால் பெட்டரி போய்விட்டது என்று அர்த்தம். அடப்டர் போடுகிறவர்கள் இடி மின்னல் நேரத்தில் கழற்றிவிடுங்கள். அடிக்கடி எரர் வந்தால் முதலில் குழாயின் முனை மெஷினுக்குள் முழுதாக ஏறியிருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். மெஷினைச் சுற்றிக் குழாயை இறுக்கிச் சுற்றி வைப்பவர்களுக்குத்தான் அது முனையில் வெடிக்கும்.

வாங்கிய வாரமே கிளினிக்குக்கு எடுத்துப் போய், அதே கையில் அங்குள்ள மெஷினோடு மாறிமாறி அளந்து பாருங்கள். 5 வரை வித்தியாசம் பரவாயில்லை. தொடர்ந்து 10க்கு மேல் வந்தால் திருப்பிக் கொடுங்கள். அதற்காகவே பில்லில் மொடல் எண்ணை எழுதச் சொல்லி, உத்தரவாத அட்டையில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். பழுதானால் கடையிலேயே மாற்றித் தருவார்களா, கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா என்பதையும் காசு கொடுக்குமுன் கேளுங்கள்.

வீட்டில் யாருக்கும் பிரஷர் இல்லை, சும்மா பார்த்துக்கொள்ள என்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆரோக்கியமான வாழ்க்கை முறை நிலையங்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள்.